ஒரே நாளில் ஹகோனேயா? வேண்டாம் பிள்ளைகளே!

ஜப்பானில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் சிலர் அவ்வப்போது தங்கள் பயணத் திட்டத்தை அனுப்பி என் கருத்தைக் கேட்பார்கள். "ஊரிலிருந்து அப்பா அம்மா வர்றாங்க சார், மலையும் கடலும் காட்டணும், இது சரியா இருக்கா?" என்பதுதான் கேள்வி. திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காலை ஆறரைக்கு டோக்கியோவில் கிளம்பி ஹகோனே. அங்கே மலை ரயில், கேபிள் கார், ரோப்வே, எரிமலை, ஏரியில் கப்பல். திரும்பும் வழியில் அட்டாமி கடற்கரை. இரவு பத்து மணிக்கு வீடு. தேர்வுக்கு முந்தின ராத்திரி மொத்தப் புத்தகத்தையும் புரட்டுகிற பையன்தான் எனக்கு நினைவுக்கு வருவான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஓர் இடம் மட்டும் போங்கள். மலையும் வேண்டும், கடலும் வேண்டும் என்றால் இரண்டு இரவு தங்குங்கள். அதிலும் அரை நாளைத் திட்டத்தில் எதுவும் எழுதாமல் விடுங்கள். ஓய்வு வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நிலமே அப்படிப்பட்டது. நாம் போட்ட அட்டவணைக்கு அது கட்டுப்படாது.

ஒடவாரா கடலோர ஊர். அங்கிருந்து கோரா என்ற மலை ஊருக்கு ரயில் பாதையில் 15 கிலோமீட்டர்தான். ஆனால் கோரா 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இதில் ஹகோனே யுமோட்டோவிலிருந்து கோரா வரையிலான 8.9 கிலோமீட்டர் மலைப்பாதை 1919இல் திறக்கப்பட்டது. செங்குத்தான இடத்தில் 1,000 மீட்டர் ஓடினால் 80 மீட்டர் ஏறும். பல் சக்கரம் கிடையாது, சாதாரணத் தண்டவாளம்தான். மூன்று இடங்களில் ரயில் நின்று, ஓட்டுநரும் நடத்துநரும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மாறி, வண்டி எதிர்த்திசையில் ஏறத் தொடங்கும். சுமார் 40 நிமிடம் ஆகும். அவசரத்தில் இருப்பவனுக்கு இது தாமதம். ஜன்னலோரம் உட்கார்ந்து காட்டைப் பார்க்கிறவனுக்கு இதுவே பயணம்.

இப்படிக் கடலும் மலையும் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அந்தப் பகுதியின் அழகு. ஆபத்தும் அதுவேதான். ரோப்வேயில் போய் இறங்கும் ஒவாகுடானி பள்ளத்தாக்கில் கந்தகப் புகை எந்நேரமும் வந்துகொண்டிருக்கும். வெந்நீர் ஊற்றில் வேகவைத்த கறுப்பு முட்டை விற்பார்கள், ஒன்று தின்றால் ஆயுள் ஏழு வருடம் கூடும் என்பது அவ்வூர் நம்பிக்கை. 2015இல் அதே பள்ளத்தாக்கில் எரிமலை எச்சரிக்கை உயர்த்தப்பட்டு ரோப்வே நின்றது. முழுப் பாதையும் மறுபடி திறக்க 2016 ஜூலை ஆகிவிட்டது. 2019 அக்டோபர் 12 அன்று ஹகிபிஸ் புயலில் ஹகோனேயில் ஒரே நாளில் 922.5 மில்லிமீட்டர் மழை. ஏறக்குறைய ஒரு மீட்டர் தண்ணீர்! மலை ரயில் பாதை பல இடங்களில் அரித்துப்போய், 2020 ஜூலையில்தான் முழுமையாக ஓடியது.

ஒடவாராவிலிருந்து அட்டாமிக்குச் சாதாரண ரயிலில் சுமார் 25 நிமிடம். இடது பக்கம் உட்காருங்கள், சாகமி விரிகுடா தெரியும். வழியில் நெபுகாவா என்று ஒரு சின்ன நிலையம். நடைமேடையில் நின்றால் கீழே கடல்தான். 1923 செப்டம்பர் 1 பெருநிலநடுக்கத்தில் மலை சரிந்து, வந்துகொண்டிருந்த ரயிலையும் நிலையத்தையும் சேர்த்துக் கடலுக்குள் தள்ளியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அட்டாமியில் 2021 ஜூலை 3 அன்று, மலைமேல் கொட்டி நிரப்பியிருந்த மண் கனமழையில் சரிந்து 28 உயிர்கள் போயின. இந்த ஊர்களுக்குப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்று நினைக்கிறேன்.

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. பலத்த காற்று அடித்தாலோ எரிமலை வாயு கூடினாலோ அவர்கள் தயங்காமல் ரோப்வேயை நிறுத்துவார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் நிமிடக் கணக்கில் போட்ட உங்கள் திட்டம் அந்த நேரத்தில் மொத்தமாகச் சரியும். பிறகு அப்பா அம்மாவை வரிசைகளில் நிற்கவைத்து, நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே கடுகடுப்பீர்கள். அவர்களுக்கு நினைவில் நிற்கப்போவது உங்கள் முகம்தான், எரிமலை அல்ல.

ஃபுஜி மலை விஷயமும் இதேதான். 3,776 மீட்டர் மலை, எங்கிருந்தும் தெரியும் என்று நினைக்காதீர்கள். கோடையில் பெரும்பாலும் மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். குளிர்கால அதிகாலையில் தெரிய வாய்ப்பு அதிகம். ஓர் இரவு அங்கே தங்கினால் மறுநாள் காலை இன்னொரு வாய்ப்பு உண்டு. காலையில் போய் மாலையில் திரும்புகிறவனுக்கு ஒரே வாய்ப்புதான்.

"லீவு கிடைக்காது, விடுதி வாடகை அதிகம்" என்று சொல்வீர்கள். நியாயம்தான். சனிக்கிழமையைத் தவிர்த்து வார நடுவில் போனால் வாடகை பெரும்பாலும் குறையும். இரவுச் சாப்பாடு சேர்க்காத அறைகளும் உண்டு. அதற்கும் வழியில்லை என்றால் ஹகோனேயை விட்டுவிட்டு அட்டாமி மட்டும் போய் வாருங்கள். டோக்கியோவிலிருந்து சாதாரண ரயிலிலேயே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஷிங்கான்சென் என்றால் கொதாமா ஏறுங்கள், நொசோமி ஒடவாராவிலும் நிற்காது, அட்டாமியிலும் நிற்காது.

நான் போட்டால் திட்டம் இப்படி இருக்கும். முதல் நாள் யுமோட்டோவில் பெட்டிகளை விடுதிக்கு அனுப்பும் சேவையிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு மலை ரயிலில் கோரா. வழியில் 1969இல் தொடங்கிய திறந்தவெளிச் சிற்ப அருங்காட்சியகம், அது ஒன்று போதும். இரண்டாம் நாள் காலை ரோப்வே ஓடினால் ஒவாகுடானி, அஷி ஏரியில் கப்பல். ஓடாவிட்டால் வெந்நீர்க் குளியல், தூக்கம். பிற்பகல் காலி. மூன்றாம் நாள் கீழே இறங்கி, கடலோர ரயிலில் அட்டாமி, அங்கிருந்து வீடு.

பெரியவர்களோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களை ஒவாகுடானிக்குப் போகவேண்டாம் என்று அங்கேயே எச்சரிக்கிறார்கள், அதை மதியுங்கள். பொதுக் குளியலில் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும், முன்பே உடம்பைக் கழுவிக்கொள்ள வேண்டும். நம் அம்மாக்கள் கூச்சப்படுவார்கள். குடும்பத்துக்குத் தனியாகக் கிடைக்கும் குளியலறை உள்ள விடுதியாகப் பாருங்கள். சைவம் என்றால் அறை எடுக்கும்போதே எழுதிவிடுங்கள், காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு இருக்கும். மாலையில் பேருந்துகள் சீக்கிரமே நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பும் திட்டங்களில் எந்த ஊரில் எத்தனை நிமிடம் என்று எல்லாம் இருக்கிறது. உங்கள் அப்பா அம்மாவுக்கு என்ன பார்க்க ஆசை என்பது மட்டும் ஒன்றில்கூட இல்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு போன் போட்டு அதைக் கேளுங்கள். பிறகு எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.