மறுகூட்டல் இல்லாத தண்டனை



நேற்று தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்த பழைய மாணவர் ஒருவர், "கொலைகாரனைத் தூக்குல போடணும், என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டார். அதற்குள் அவருடைய ரயில் வந்துவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

1991-இல் நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரம் சாதாரணமானதல்ல. ஆனால் இதையும் பாருங்கள். 1998-இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது.

அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். வெடிகுண்டுக்கு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது வழக்கு. 2011 செப்டம்பர் 9-இல் தூக்கு என்று நாளும் குறித்தாயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2013-இல், வாக்குமூலம் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே வாய் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதை, தான் எழுதாமல் விட்டதாக ஒப்புக்கொண்டார். 2014-இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022-இல் விடுதலை. அவர் நிரபராதி என்று நீதிமன்றம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தூக்கிலிட்டிருந்தால் அந்த அதிகாரி பேசி என்ன பயன்?

விடைத்தாள் திருத்துவதில் நானும் தவறியிருக்கிறேன். மறுகூட்டல் இருந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். தூக்குக்கு மறுகூட்டல் கிடையாது. கொடியவனுக்கு ஆயுள் முழுக்கச் சிறை கொடுங்கள், மறுக்கவில்லை. உயிரை மட்டும் எடுக்க வேண்டாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் கை தூக்கியவர்களை நான் உட்காரச் சொன்னதில்லையே!