கைகட்டி நிற்க வேண்டியது நாமல்ல!

பெற்றோர்களே!

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் கல்விக் கண்காட்சிக்கு ஓடுகிறோம். "நல்லபடியா பேசு, இல்லன்னா இடம் கொடுக்கமாட்டாங்க" என்று பிள்ளையை மிரட்டி அழைத்துப் போகிறோம். தனியார் கல்லூரி மேசைக்குப் பின்னால் டை கட்டி உட்கார்ந்திருப்பவர் முன் கைகட்டி நிற்கிறோம். ஏன் இந்த நடுக்கம்?

அவர் தேர்வாளரா? இல்லை! 'கல்வி ஆலோசகர்' என்று அட்டை மாட்டியிருந்தாலும், ஆள் சேர்ப்பதுதான் அவர் வேலை. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர்களும் உண்டு. தகுதியுள்ள பிள்ளைக்கு அவர் தரும் இடம் பிச்சையல்ல, வியாபாரம்! எடைபோட வேண்டியவர் நீங்கள்.

இந்த நடுக்கம் அரசாங்கக் கதவுகள் சாத்தப்பட்டதால் வந்தது. 2000களின் தொடக்கம் வரை மெட்ரிகுலேஷன் பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே. பிறகு 90:10 ஒதுக்கீடு. 2019இல் இடங்கள் 25,000லிருந்து 40,000 ஆனபோதும் அந்தக் கணக்கு மாறவில்லை. 2024இல்தான் 10ஏ எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் என்று அறிவித்தார்கள். 6ஏ எடுத்த தொழிலாளியின் மகள் எங்கே போவாள்? அந்த மேசைக்குத்தான்! அது அவர்களுக்கும் தெரியும்.

ஆகவே, நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

ஒன்று: இந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா? கல்லூரிக்கு உரிமம் இருந்தால் போதாது. படிப்புக்கே அங்கீகாரம் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பாமல், எம்.கியூ.ஏ. பதிவேட்டை அங்கேயே கைத்தொலைபேசியில் பாருங்கள்.

இரண்டு: பதிவு, தேர்வு, விடுதி எல்லாம் சேர்த்து, கடைசி செமஸ்டர் வரை மொத்தம் எத்தனை ரிங்கிட்?

மூன்று: பி.டி.பி.டி.என். பணம் கட்டணத்தில் எவ்வளவைத் தாங்கும்? மீதியை யார் கட்டுவது? அது உதவிப்பணமல்ல, பிள்ளை தலையில் ஏறும் கடன்.

நான்கு: பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? பதிலை எழுத்தில் கேளுங்கள்.

ஒரு வழக்கறிஞனாகச் சொல்கிறேன்: நீங்கள் போடும் கையெழுத்து ஒப்பந்தம். பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். "இன்றே கட்டினால் தள்ளுபடி" என்கிறாரா? எழுந்து வீட்டுக்கு வாருங்கள். யு.பி.யு. விண்ணப்பம், படிவம் ஆறு, பாலிடெக்னிக் எல்லாவற்றையும் பார்த்தபின் முடிவெடுங்கள்.

மரியாதையாகப் பேசுவது நம் பண்பு. ஆனால் மரியாதை வேறு, அடிமைத்தனம் வேறு. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் உங்களுடையது. கேள்வி கேட்பது உங்கள் உரிமை!

கேளுங்கள்! பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுங்கள்!