டி மைனர் அழுமா?

மேற்கத்தியச் செவ்வியல் இசை குறித்துப் பேசத் தொடங்கியதுமே நம்மிடையே ஒரு வாய்பாடு வந்து விழுகிறது: மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் துயரம். டி மைனர் மரணம், டி மேஜர் வெற்றி என்று அகராதி போடுவோரும் உண்டு. இது புதிதல்ல. ஜெர்மானியக் கவிஞர் கிறிஸ்டியான் ஷூபார்ட் ஒவ்வொரு கீயுக்கும் ஒரு குணம் எழுதிவைத்தார். 1806இல் அது அச்சேறியது. பழையது என்பதாலேயே மெய்யாகிவிடுமா?

ஆதார சுரமும் மேஜர், மைனர் என்னும் சுர அமைப்பும் சேர்ந்ததே கீ. இதில் ஆதார சுரத்துக்கென்று தனி உணர்ச்சி ஏது? நம் பாடகர் ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் முகாரி முகாரிதான். பாக்கின் டி மைனர் கான்செர்ட்டோவைப் பழைய சுருதியில் வாசிக்கும் குழுக்கள் இன்று ஏறத்தாழ அரைச் சுரம் தாழ்த்தியே வாசிக்கின்றன. அதன் தீவிரம் குறைந்துவிடவில்லை.

அக்காலத்துச் சுருதி சேர்ப்பு முறைகளில் கீயுக்குக் கீ நிறம் மாறியது உண்மை என்பர். ஒப்புக்கொள்வோம். ஆனால் இன்றைய பியானோவில் அந்த வேறுபாடு இல்லை. மோட்ஸார்ட் மட்டும் எப்படி நம்மை உலுக்குகிறார்?

கீயைத் தேர்வதில் கருவிக்கும் பங்குண்டு. பேத்தோவன் 1806இலும், பிராம்ஸும் சைக்கோவ்ஸ்கியும் 1878இலும் தம் வயலின் கான்செர்ட்டோக்களை டி மேஜரில் எழுதினர். ஜி, டி, ஏ, இ என்னும் வயலின் தந்திகள் அதில் தாமாகவே முழங்கும். 1779இல் ஈ பிளாட் மேஜரில் வயலினுக்கும் வியோலாவுக்குமாக எழுதிய கான்செர்ட்டோவில், வியோலாவின் தந்திகளை அரைச் சுரம் உயர்த்தி, அதன் பகுதியை மட்டும் டி மேஜரில் எழுதினார் மோட்ஸார்ட். தந்தியின் ஒலி அவருக்கு அவ்வளவு முக்கியம்.

டி மேஜர் வெற்றி என்போருக்கு மோட்ஸார்ட்டே பதில் சொல்கிறார். 1785இல் எழுதிய இருபதாம் பியானோ கான்செர்ட்டோ டி மைனரில் கொந்தளித்துத் தொடங்கி, இறுதியில் டி மேஜருக்குத் திரும்பித் துள்ளுகிறது. 1791இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன் முடித்த கிளாரினெட் கான்செர்ட்டோவின் மெதுவான பகுதியும் அதே டி மேஜர்தான், நம்மைக் கலங்கவைக்கிறது. ஒன்றில் டிரம்பெட்டும் டிம்பனியும் உண்டு, மற்றதில் இல்லை. ஒன்றில் நெடும் புயலைக் கடந்து அங்கே சேர்கிறோம்; மற்றதில் அமைதியாக அங்கேயே தொடங்குகிறோம்.

எங்கிருந்து வந்தோம், எந்தக் கருவி பேசுகிறது, எவ்வளவு விரைவில் என்பவற்றைக் கேளாமல் உறையில் அச்சிட்ட கீயின் பெயரைப் பார்த்து அழுவது ரசனையாகாது. அகராதியை மூடிவிட்டு இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்; பிறகு வாதிடுவோம்.