புல்கூட்டுக்கு எதுக்குங்க பனி?

டிசம்பர் வந்தா திருவட்டாறு பக்கம் கிறிஸ்தவர் வீட்டு முற்றங்கள்ல புல்கூடு முளைச்சிடும். (வெளியூர்க்காரங்களுக்கு: கிறிஸ்துமஸ் குடில்.) போன வருஷம் எங்க தெருப் பையன்கள் கூரைமேல பஞ்சைப் பரப்பி பனின்னு சொன்னாங்க. ராத்திரி மழையில அது நனைஞ்சு சொட்டுச்சு.

"பஞ்சு எதுக்குடே, ஓலை போதாதா? மாதாவையும் ஒரு தடவை நம்ம நிறத்துல செஞ்சா என்ன?"ன்னு கேட்டு வச்சேன். பக்கத்து வீட்டு அம்மச்சிக்குக் கோபம் வந்துடுச்சு.

"மாதாவக் கறுப்பாக்கவா போற மக்களே?"

அம்மச்சி நல்ல கறுப்பு. அந்தக் கேள்வி இன்னும் உறுத்துது. அதான் இந்தப் பதிவு.

பைபிளைப் புரட்டினா லூக்காவில் முன்னணையும் மேய்ப்பர்களும் இருக்காங்க. மத்தேயுவில் ஞானிகளும் நட்சத்திரமும். ஞானிகள் மூணு பேர்னு எங்கேயும் இல்லை, காணிக்கைதான் மூணு. மாடும் கழுதையும் ரெண்டு பேர் எழுதினதிலும் கிடையாது. ஏசாயா 1:3 வசனத்தை வச்சு 4ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் கல்லறைப் பெட்டிகள்ல செதுக்கினாங்க, அப்படியே நிலைச்சுப் போச்சு. இத்தாலியில ராவென்னா கோயிலின் 6ஆம் நூற்றாண்டு மொசைக்கில் ஞானிகள் பாரசீகத் தொப்பி போட்டிருக்காங்க.

சரி, பனி? 1566ல பீட்டர் புரூகல் பெத்லகேம் குடிக்கணக்கை வரைஞ்சார். பார்த்தா அது பனி மூடின அவரோட நாட்டுக் கிராமம்! யோசேப்பும் மரியாளும் கூட்டத்துல யாரோ மாதிரி வர்றாங்க. அவர் ஊர்ல பனி, அதனால பனி. அதுல தப்பே இல்லை. நம்ம ஊர்ல மழை, ஓலை, வாழை. அதை வைக்க நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

முயற்சி செஞ்சவங்க இல்லாமலில்லை. கோவாக்காரர் ஏஞ்சலோ த ஃபொன்சேகா (1902-1967) சாந்திநிகேதனில் படிச்சவர். மாதாவைச் சேலையில் வரைஞ்சார். சொந்த ஊர்ல எதிர்ப்புதான் கிடைச்சது. கடைசியில புனேயில் தங்கி வரைஞ்சார்.

'மரியாள் தமிழச்சியா?'ன்னு கேப்பீங்க. இல்லைதான். மேற்காசிய யூதப் பெண். ஆனா நீலக்கண்ணு ஐரோப்பியப் பெண்ணும் இல்லையே! இந்தப் படங்கள் எதுவும் சரித்திரம் இல்லை. 'எங்க வீட்டுக்கும் வந்தார்'னு ஒவ்வொரு ஊர்க்காரனும் சொல்லிக்கிட்டதுதான். ஏழைக் குடும்பத்தில், மாட்டுத் தொட்டியில் பிறந்தார்னு சொல்ற கதை அது. அதை எழுபது வருஷமா கேட்ட ஒரு பாட்டிக்குத் தன் நிறம் சாமிக்கு ஆகாதுன்னு தோணுதுன்னா, தப்பு பாட்டிமேல இல்லை. நாம காட்டின படத்து மேல.

இந்த வருஷம் பஞ்சு போயிடுச்சு, ஓலை வந்துடுச்சு. மாதா இன்னும் வெள்ளைதான். அம்மச்சிகிட்ட அடுத்த வருஷமும் பேசிப் பார்க்கணும் :-)