மறைந்து ஓடும் ஆறு

மழைநீர் கரைத்துக் குகைகளும் குழிகளுமாக்கிய சுண்ணாம்புப் பாறை நிலம் எங்கிருந்தாலும் அதனைக் 'கார்ஸ்ட்' என்றே நிலநூலார் வழங்குவர். அப்பெயரை ஈந்தது, ஸ்லோவேனியாவும் இத்தாலியும் பகிர்ந்துகொள்ளும் ஒரு சிறு மேட்டு நிலம். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே புளிப்படைகின்றது. அந்நீரே பாறையை அரிக்கின்றது.

அங்கே புனித கன்சியன் பெயர் தாங்கிய ஷ்கோத்சியான் என்னும் சிற்றூரின் அடியில் ரேக்கா ஆறு பாறைக்குள் புகுந்து மறைகின்றது. (ரேக்கா என்றாலே அவர்கள் மொழியில் ஆறுதான்!) முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால், இத்தாலியக் கடலோரத்தில், திமாவோ என்னும் பெயருடன் ஊற்றாய் வெளிப்படுகின்றது. இரண்டும் ஒரே நீர் என்பதற்குச் சான்று? 1920களின் இறுதியில் விலாங்கு மீன்களுக்கு அடையாளமிட்டு ரேக்காவில் விட்டனர்; அவற்றுட் சில திமாவோவில் அகப்பட்டன. அவை இருளில் கடந்த வழி முழுவதையும் இன்றுவரை மனிதர் எவரும் கண்டதில்லை. குகையின் பிரம்மாண்டத்தைப் பலர் வியப்பர். நாமோ அவ்விலாங்குகளையே வியக்கிறோம்.

1986இல் யுனெஸ்கோ இக்குகைகளை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. அந்நாள்களிலோ ஆலைக் கழிவினால் ரேக்கா நாறிக் கிடந்தது. மண்ணினூடே கசியும் நீர் வடிகட்டப்படும். பாறைப் பிளவில் விழும் நீருக்கு அவ்வாய்ப்பில்லை. மேட்டில் கொட்டியது ஊற்றில் வந்து சேரும். திரியெஸ்தே நகர் குடிநீர் எடுத்து வந்ததோ அவ்வூற்றுகளிலிருந்து. கழிவு குறைந்த பின்னரே, 1990களில், ஆறு தெளியத் தொடங்கிற்று.