ஹோம்ஸ் ஏமாந்த இடம்!

ஒரு கதைத் தொடரின் முதல் புத்தகத்தை முடித்ததும், ‘அடுத்தது எங்கே?’ என்று நூலகத்தில் தேடியிருக்கிறீர்களா? அப்படித் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று, ஆர்தர் கானன் டாயில் எழுதிய ‘தி சைன் ஆஃப் ஃபோர்’. ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் இரண்டாவது நாவல் இது. வெளிவந்த ஆண்டு 1890.

1887-ல் வந்த முதல் நாவலில் ஹோம்ஸ் ஒரு புதிர் மனிதர். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதுகூட அறைத் தோழர் டாக்டர் வாட்சனுக்கு முதலில் தெரியாது! இரண்டாவது நாவலில் இருவரும் நல்ல நண்பர்கள். ஆனாலும் புதிர் தீரவில்லை. ஒரு பழைய கடிகாரத்தைப் பார்த்தே அதன் முந்தைய சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று ஹோம்ஸ் சொல்லும்போது, வாட்சனோடு சேர்ந்து நாமும் வாயைப் பிளக்கிறோம். டோபி என்ற நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு லண்டன் தெருக்களில் ஓடுகிறது. தேம்ஸ் நதியில் படகுத் துரத்தல் வேறு!

இரண்டாவது புத்தகத்தில் இன்னொரு லாபமும் உண்டு. இப்போது நீங்களே துப்பறியலாம், எழுத்தாளரையே! முதல் நாவலில் போரில் வாட்சனுக்குத் தோளில் குண்டு பாய்ந்தது. இரண்டாவதில் அதே காயம் காலுக்கு இறங்கிவிட்டது! இரண்டையும் படித்தவர்களுக்குத்தான் இது பிடிபடும்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு. இன்னொன்று அப்படியல்ல. அந்தமான் தீவுகளின் பழங்குடியினர் மனிதரைத் தின்பவர்கள் என்று கதையில் வருகிறது. அது உண்மையல்ல. அவர்கள் வில், அம்பு கொண்டு வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்கள். ஹோம்ஸுக்கு இந்தத் தகவல் எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு தடிமனான புத்தகத்தில்! சின்னக் கீறலைக்கூட பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர், அச்சில் வந்ததை அப்படியே நம்பிவிட்டார்.

அதற்காக இந்த நாவலை ஒதுக்கிவிட வேண்டாம். விறுவிறுப்பை ரசியுங்கள். ஆனால், பிடித்த புத்தகம் என்பதற்காக அது சொல்வதையெல்லாம் நம்பிவிடாதீர்கள். முன்பின் பார்த்திராத ஒரு மக்கள் கூட்டத்தையே அது மோசமானவர்கள் என்றால், பூதக்கண்ணாடியைக் கையில் எடுங்கள். இதைச் சொன்னவர் அவர்களை நேரில் பார்த்தாரா? ஆதாரம் என்ன?

ஹோம்ஸ் கேட்க மறந்த கேள்விகளை நீங்கள் கேட்டால், அவரையே மிஞ்சிய துப்பறிவாளர் நீங்கள்தான்!