இரவு இரண்டு மணிக் கணக்கு

1993-ல் கம்போடியாவின் தலைநகரான புனோம் பென்னில் 100 குடம் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பினால், 72 குடத்துக்குக் கணக்கே கிடையாது. பழைய குழாய்களின் விரிசல்களில் ஒழுகியது ஒரு பங்கு, திருட்டு இணைப்புகளில் போனது ஒரு பங்கு. நாளுக்குப் பத்து மணி நேரம்தான் தண்ணீர் வரும். அதுவும் நகர மக்களில் நாலில் ஒரு பங்கினருக்குத்தான். மற்றவர்கள் வண்டிக்காரர்களிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள்.

அந்த ஆண்டு அங்கே குடிநீர் வாரியத்தின் தலைவராக வந்தவர் எக் சோன் சான் என்ற பொறியாளர். 1975-ல் கெமர் ரூஜ் ஆட்சி நகரத்தையே காலி செய்து மக்களை வயல்களுக்கு விரட்டியபோது உயிர் தப்பியவர்களில் ஒருவர். அந்தக் கொடுங்காலம் முடிந்தபோது குழாய்களைப் பற்றி அறிந்த பலர் திரும்பி வரவில்லை. யாருக்கு இணைப்பு இருக்கிறது, யார் பணம் கட்டுகிறார்கள் என்பதற்கு நம்பகமான பதிவேடு கிடையாது.

அவர் முதலில் செய்த வேலையில் எந்தக் கருவியும் இல்லை. ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி, யார் வீட்டில் குழாய் இருக்கிறது என்று எழுதிவரச் சொன்னார். பட்டியலில் இருந்த பலருக்குத் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வந்த பலர் பட்டியலிலேயே இல்லை. அதன்பின் ஒவ்வோர் இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். திருட்டு இணைப்பைக் காட்டிக்கொடுத்தவருக்குப் பரிசு, அதற்குத் துணைபோன ஊழியருக்கு வேலை நீக்கம். மீட்டர் வைக்க மறுத்த ராணுவத் தளபதி ஒருவர் சானின் தலையில் துப்பாக்கியை வைத்தார். சான் ஆயுதம் தாங்கிய ராணுவப் போலீசாருடன் திரும்பி வந்து அந்த இணைப்பைத் துண்டித்தார். கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான் என்பது அன்று ஊருக்கே தெரிந்தது.

பதிவேடு நேரான பிறகுதான் தொழில்நுட்பம் வந்தது. ஜப்பானின் கிட்டாக்யூஷூ நகரப் பொறியாளர்கள் வந்து உதவினார்கள். குழாய் வலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் போகும் தண்ணீரின் அளவையும் அழுத்தத்தையும் ஓரிடத்தில் இருந்தே பார்க்க வழி செய்தார்கள். இப்படிப் பிரிப்பதன் பயன் இரவு இரண்டு மணிக்குத் தெரியும். ஊர் தூங்குகிறது, யாரும் குளிப்பதில்லை, துவைப்பதில்லை. அப்போதும் ஒரு பகுதிக்குள் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால், ஓடுவதில் பெரும்பகுதி கசிவுதான். போன வாரம் இதே நேரத்தில் இருந்ததைவிடக் கூடியிருந்தால், எங்கோ புதிதாக உடைந்திருக்கிறது. ஊர் முழுக்கத் தோண்ட வேண்டியதில்லை. கசியும் குழாய்க்கு ஓசை உண்டு. இரண்டு இடங்களில் ஒலியுணரிகளைப் பொருத்தி, அந்த ஓசை எந்த உணரியை எவ்வளவு முந்தி வந்தடைகிறது என்று கணக்கிட்டால், தோண்ட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

2010 வாக்கில் அந்த 72 குடம் சுமார் ஆறாகக் குறைந்தது. 1993-ல் 27,000-க்கும் குறைவாக இருந்த இணைப்புகள் இரண்டு லட்சத்தை எட்டின. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. சானுக்கு 2006-ல் மகசேசே விருதும், வாரியத்துக்கு 2010-ல் ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருதும் கிடைத்தன.

இந்தக் கதையை நாம் ஏன் படிக்க வேண்டும்? சென்னையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் இன்று எத்தனை கன அடி இருக்கிறது என்பது அன்றாடம் வெளியாகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் குழாய்க்குள் நுழைந்தபின் என்ன ஆகிறது என்று எந்தத் தெருக்காரரும் அறிய வழியில்லை. வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில் இரவு இரண்டு மணிக் கணக்கும் செல்லாது. குழாய் காலியாகக் கிடக்கும், அல்லது தண்ணீர் விட்ட நேரத்தில் எல்லா வீட்டு சம்புகளும் நிரம்பிக்கொண்டிருக்கும். கசிவு எது, செலவு எது என்று பிரிக்க முடியாது. காலியான குழாயில் அழுத்தம் இல்லாததால் அக்கம்பக்கத்துச் சாக்கடை விரிசல் வழியே உள்ளே வருகிறது. அடி பம்பில் முதலில் வரும் கலங்கல் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் பிடிக்கும் வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மீட்டர் என்றாலே நம் ஊரில் ஓர் அச்சம் எழுகிறது. தண்ணீரை விற்கப் போகிறார்கள், ஏழைகள் தலையில் கட்டணம் ஏறும் என்ற அச்சம். அதற்குக் காரணம் உண்டு, அதை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் புனோம் பென்னில் வாரியம் தனியாருக்குக் கைமாறவில்லை. 1996-ல் தன்னாட்சி பெற்றது. 2012-ல் பங்குச் சந்தைக்குப் போனபோதும் பெரும்பங்கை அரசே வைத்துக்கொண்டது. ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை தரப்பட்டது. வண்டித் தண்ணீருக்குக் கொடுத்ததைவிட அவர்கள் மிகக் குறைவாகவே கட்டினார்கள். அளக்காமல் விடுவதால் நம் ஊரில் லாபமடைவது யார்? பெரிய சம்பும் பெரிய மோட்டாரும் உள்ளவர்கள்தான். குழாயின் கடைசி முனையில் இருப்பவர்கள் குடத்துக்கு விலை கொடுக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே, ஒடிசாவின் பூரி நகரில் 2021-ல் குழாயிலேயே நேரடியாகக் குடிக்கத்தக்க நீர் நாள் முழுக்க வரும் திட்டம் தொடங்கியது. அங்கே ‘ஜலசாத்தி’ எனப்படும் உள்ளூர்ப் பெண்கள் மீட்டர் பார்க்கிறார்கள், கட்டணம் வாங்குகிறார்கள், நீரின் தரத்தைச் சோதிக்கிறார்கள். தரவு சேகரிப்பு என்பது பக்கத்துத் தெருப் பெண் உங்கள் வாசலுக்கு வந்து கேட்பதாகவும் இருக்கலாம்.

சென்சாரும் கணினித் திரையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேர்மையான பதிவேடு இல்லாத இடத்தில் அவற்றை மாட்டினால், தவறான எண்கள் வேகமாக வந்து சேரும், அவ்வளவுதான். வரிசை மாறக் கூடாது: முதலில் யாருக்கு இணைப்பு இருக்கிறது என்ற உண்மை, அடுத்து ஒவ்வொரு பகுதிக்கும் மீட்டர், அதன்பின் கருவிகள்.

ஒன்றை உடனே தொடங்கலாம். ஏரி மட்டத்தைச் சொல்வதுபோல, ஒவ்வொரு வார்டுக்கும் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள், எத்தனை மணி நேரம் விட்டார்கள், எத்தனை உடைப்புகளைச் சரிசெய்தார்கள் என்று வாரந்தோறும் வெளியிடட்டும். முதல் எண்கள் அரைகுறையாகத்தான் இருக்கும். பக்கத்து வார்டுக்கு நம்மைவிட இரு மடங்கு போகிறது என்று தெரியும் நாளில் மக்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் வந்தால், எண்கள் தாமே திருந்தத் தொடங்கும்.